ஐப்பசியில் இலையுதிர்காலமாம்!

செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்துவிடுகிறது. 'இலையுதிர்காலத்தில் பூச்செடிகளைப் பராமரிப்பது எப்படி?' என்று நாளிதழ் இணைப்பிதழ்கள் ஒரு பக்கம், யூடியூப் சானல்கள் ஒரு பக்கம், செடி வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழுக்கள் இன்னொரு பக்கம். குளிர் வருமுன் செடிகளை வீட்டுக்குள் கொண்டு வாருங்கள், பத்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்றினால் போதும், பங்குனி வரை உரமே வேண்டாம், காற்று வறண்டிருக்கும் என்பதால் இலை மேல் தினமும் தண்ணீர் தெளியுங்கள், தொட்டிக்குக் கீழே கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர் நிரப்பி வையுங்கள்... எல்லாப் பட்டியலிலும் இதே ஐந்து விஷயம், இதே வரிசை. (மார்ச் என்றிருந்ததைப் பங்குனி என்று மாற்றியதுதான் தமிழாக்கம்!)

இதைப் படித்துவிட்டு சென்னையிலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் பால்கனி வைத்திருப்பவர்கள் நல்ல செடிகளை வருஷா வருஷம் சாகடித்துக்கொண்டிருக்கிறார்கள். செடி போனால் போகிறது, சில நூறு ரூபாய் நஷ்டம், கணக்குப் பதிவியல் பாஷையில் 'தேய்மானம்' என்று எழுதி மூடிவிடலாம். ஆனால் அந்த ஐந்தில் ஒன்று மனிதர்களுக்கே ஆபத்தானது. அது பின்னால் வருகிறது.

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. ஐப்பசியில் தமிழ்நாட்டில் எந்த மரம் இலையை உதிர்க்கிறது?

பழைய தமிழ்க் கணக்கில் பருவங்கள் ஆறு. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். அப்புறம் முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இந்த ஆறில் 'இலையுதிர்காலம்' என்று ஒன்று கிடையாது. அது வேறு ஊர்ப் பருவத்துக்குப் பாடப்புத்தகத்தில் கொடுத்த மொழிபெயர்ப்பு. இங்கே இலை உதிராமல் இல்லை, நன்றாகவே உதிர்கிறது. ஆனால் எப்போது? வேப்பமரத்தையும் அரசமரத்தையும் மாசி, பங்குனியில் போய்ப் பார்த்தால் தெரியும். தெருவெல்லாம் சருகு. தண்ணீர் வற்றப்போகிறது என்பதால் உதிர்க்கின்றன, குளிர் வரப்போகிறது என்பதால் அல்ல. மழைக்காலத்தில் அதே மரங்கள் பச்சைப்பசேலென்று நிற்கும். ஆகவே இந்த ஊருக்கு இலையுதிர்காலம் என்று ஒன்றைக் கட்டாயம் வைத்தே தீரவேண்டும் என்றால் அதைத் தூக்கிப் பிப்ரவரியில்தான் போட வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பட்டியல் அது பிறந்த ஊரில் ரொம்பச் சரியான பட்டியல். லண்டனை எடுத்துக்கொள்ளலாம். ஜூன் மாதத்தில் அங்கே பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட முழுதாகக் கிடையாது. செப்டம்பர், அக்டோபரில் ஒவ்வொரு நாளும் பகல் கிட்டத்தட்ட நான்கு நிமிஷம் சுருங்கிக்கொண்டே போகும். டிசம்பர் உச்சி வேளையிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தில் சோம்பலாக நிற்கும். வெளிச்சம் இல்லாவிட்டால் செடி உணவு தயாரிக்காது, வளராது, தண்ணீர் குடிக்காது, உரமும் கேட்காது. கூடவே, வீட்டுக்குள் கணப்பு ஓடுவதால் காற்று எலும்பாக வறண்டுவிடும். அதனால்தான் தண்ணீர் தெளிப்பதும் கூழாங்கல் தட்டும். வெளியே உறைபனி விழும் என்பதால்தான் செடியை உள்ளே கொண்டு வருவது. ஒவ்வொரு யோசனைக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

சென்னையில் அந்தக் காரணங்களில் எது இருக்கிறது? ஜூனில் பகல் பன்னிரண்டே முக்கால் மணிக்குச் சற்று மேல். டிசம்பரில் பதினொன்றே கால் மணிக்குச் சற்று மேல். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம். டிசம்பர் மதியத்திலும் சூரியன் 53 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அக்டோபர், நவம்பர் ராத்திரிகளில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே போவதே அபூர்வம். காற்றோ, துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாத அளவுக்கு ஈரம். கணப்பு என்ற வார்த்தையை இங்கே பலருக்கு அகராதியில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். காரணம் ஐந்தும் இல்லை, யோசனை ஐந்தும் இருக்கிறது. இதற்குப் பெயர் தோட்டக்கலையா, சடங்கா?

இங்கே இருப்பது வேறொரு சமாச்சாரம். வடகிழக்குப் பருவமழை. சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. அதுவும் ஒழுங்காக, தினசரி இவ்வளவு என்று பெய்யாது. பத்து நாள் வெயில் கொளுத்தும், பிறகு ஒரு காற்றழுத்தத் தாழ்வு நிலை வந்து மூன்று நாளில் ஒரு மாத மழையை ஊற்றிவிட்டுப் போகும். 2015 டிசம்பரையும் 2023-ல் வந்த மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட ஊரில் 'பத்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர்' என்பதற்கு என்ன அர்த்தம்? மழை இல்லாத இடைவெளியில் கூரை போட்ட பால்கனியிலிருக்கும் செம்பருத்தி அந்தப் பத்து நாளில் வாடி வதங்கிவிடும். மழையில் நிற்கும் தொட்டிக்கோ, பத்தாம் நாள் ஊற்றுகிற அந்தக் குவளைத் தண்ணீரே எமன்.

ஒரு செடி தண்ணீரில் எப்படிச் சாகிறது என்பதைப் பலர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் உள்ள காற்றிலிருந்து அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிரம்பி, நாள் கணக்கில் வடியாமல் நின்றால் வேர் மூச்சுத் திணறும். அப்புறம் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற அழுகல் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். வேர் அழுகிய செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. எனவே இலை தொங்கிப்போகும். வேடிக்கை என்னவென்றால், தண்ணீர் இல்லாமல் வாடிய செடியும் அப்படியேதான் தொங்கும்! பார்க்கிறவர் 'ஐயோ பாவம், தாகம்' என்று இன்னும் ஒரு செம்பு ஊற்றுவார். மூழ்குகிறவனுக்கு மோர் கொடுத்த கதை. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும் விஷயம் இது. காலண்டரைப் பார்த்து ஊற்றச் சொல்லும் பட்டியலில் விரலுக்கு வேலையே இல்லை.

இதில் தேங்காய் நார்க்கழிவின் பங்கு தனி. தொட்டி கனமில்லாமல் இருக்கிறது என்பதற்காக மாடித்தோட்டக்காரர்கள் எல்லோரும் அதற்கு மாறிவிட்டார்கள். கோடைக்கு அது அருமையான பொருள், தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குணமே கார்த்திகையில் வில்லனாகிவிடுகிறது. வெறும் நார்க்கழிவும் மண்புழு உரமும் மட்டும் நிரப்பிய பை, தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்தால் பிழியாத பஞ்சுதான். செம்மண், ஆற்று மணல், மக்கிய தொழு உரம் என்று பாட்டிகள் கலந்த கலவையில் தண்ணீர் நிற்காமல் ஓடியது. போதாக்குறைக்கு இப்போது அடியில் துளையே இல்லாத பளபளப்பான பீங்கான் தொட்டிகள் வேறு. பூச்செடி வைப்பதற்கென்றே விற்கிறார்கள். துளை இல்லாத தொட்டிக்குச் சரியான பெயர் குடம்.

சரி, அந்த ஆபத்தான யோசனைக்கு வரலாம். கூழாங்கல் தட்டு.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். தேங்காய்ச் சிரட்டை, டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு. முட்டை பொரிந்து, புழுவாகி, கொசுவாகிப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். முட்டையை அது தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ஈரமான ஓரச் சுவரில் ஒட்டி வைக்கும். தட்டைக் கவிழ்த்துக் காய வைத்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் கவிழ்ப்பது மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். கூழாங்கல் நிரப்பிய தட்டை யார் வாரா வாரம் ஒவ்வொரு கல்லாகத் தேய்த்துக் கழுவப் போகிறார்கள்?

2017-ல் தமிழ்நாட்டில் டெங்கு மோசமாகப் பரவியபோது, கொசு வளர இடம் கொடுத்தவர்களுக்கு உள்ளாட்சிகள் அபராதமே போட்டன. ஒவ்வொரு மழைக்காலத்திலும் சென்னையில் மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக ஏறி, தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்லிக் கெஞ்சிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் படியிறங்கிப் போனதும் கைப்பேசியில் ஒரு காணொளி, 'ஈரப்பதத்துக்காகத் தட்டில் தண்ணீர் வையுங்கள்' என்கிறது. ஈரப்பதம்! நவம்பரில்! சென்னைக்கு! இதைச் சொன்னவரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் உட்கார வைக்க வேண்டும். இதை வெறும் அறியாமை என்று சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வருகிற விஷயம் இது. மழை மாதங்களில் தொட்டிக்கு அடியில் தட்டே கூடாது. இரண்டு செங்கல்லைப் போட்டு அதன் மேல் தொட்டியைத் தூக்கி வைத்தால் தண்ணீரும் வடியும், தட்டும் மிச்சம்.

இலை மேல் தண்ணீர் தெளிப்பதும் இதே ரகம்தான், ஆள் மட்டும் சாகாது. ஏற்கெனவே ஈரமான காற்றில் இலையையும் நனைத்து வைத்தால் பூஞ்சைக்கு விருந்து. இலையில் கரும்புள்ளி விழுந்த ரோஜாச் செடிகள் சாட்சி.

உரம் நிறுத்தும் கதையும் பாதிதான் சரி. அடைமழை பெய்கிற வாரத்தில் உரம் போட்டால் அது தொட்டியின் ஓட்டை வழியாகப் பக்கத்து மாடிக்குப் போய்விடும், எனவே அந்த வாரம் வேண்டாம். ஆனால் மழை அத்தனை சத்தையும் கழுவிக்கொண்டு போன பிறகு, செவ்வந்தி மொட்டு வைக்கிற சமயத்தில், 'பங்குனி வரை உரம் கிடையாது' என்று பட்டினி போடுவது என்ன நியாயம்? பிள்ளைத்தாய்ச்சிக்கு உபவாசம் மாதிரி.

செவ்வந்தி பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லியாக வேண்டும். பட்டியல்காரர்கள் எவரும் தொடாத விஷயம் இது, ஆனால் இந்தப் பருவத்தில் பூச்செடிக்கு இதைவிட முக்கியமான சங்கதி இல்லை. 1920-ல் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், சில செடிகள் பூப்பதற்குப் பகலின் நீளமே காரணம் என்று ஆய்வு வெளியிட்டார்கள். இரவு நீள நீள மொட்டு வைக்கிற செடிகள் உண்டு. செவ்வந்தி அந்தச் சாதி, கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்கும் சிவப்பு இலைப் பாயின்செட்டியாவும் அந்தச் சாதி. சரியாகச் சொன்னால் அந்தச் செடிகளுக்கு வேண்டியது இடையில் கலையாத இருட்டு. நடு ராத்திரியில் சற்று நேரம் விளக்கைப் போட்டால்கூட நீண்ட இரவை இரண்டு குட்டி இரவாக எண்ணிக்கொண்டு மொட்டு வைப்பதைத் தள்ளிப்போட்டுவிடும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் செவ்வந்தி போட்டிருக்கும் விவசாயிகள் ராத்திரியில் வயல் முழுக்க பல்பு தொங்கவிட்டு எரிப்பது இதற்காகத்தான். விலை கிடைக்கும் நாளுக்குப் பூவைத் தள்ளி வைக்கிறார்கள். என்ன ஒரு வியாபார மூளை!

அதே தந்திரத்தை நகரத்தில் தெருவிளக்கு இலவசமாகச் செய்துவிடுகிறது. பால்கனிக்கு நேரெதிரே வெள்ளை எல்இடி விளக்கு, பால்கனிக்குள்ளேயே இரவெல்லாம் எரியும் ஒரு ட்யூப்லைட். செவ்வந்தி இலை இலையாக வளர்ந்துகொண்டே போகும், மொட்டைக் காணோம். 'விதை சரியில்லை', 'நாற்று ஏமாற்று' என்று நர்சரிக்காரர் மேல் பழி. தொட்டியை நாலடி தள்ளி இருட்டில் வைத்திருந்தால் பூத்திருக்கும். ஏற்காட்டிலும் பெங்களூரிலும் திறந்தவெளித் தோட்டங்களில் பாயின்செட்டியா டிசம்பரில் தானாகவே சிவக்கிறது. யாரும் அதை மாலை ஐந்து மணிக்கு அட்டைப்பெட்டி போட்டு மூடுவதில்லை. பெட்டி மூடும் யோசனை, கூடத்தில் ராத்திரி பத்து மணி வரை விளக்கெரியும் வீட்டுக்குள் அந்தச் செடியை வைத்திருப்பவர்களுக்காகச் சொன்னது.

மறுத்துப் பேசுகிறவர்கள் இரண்டு வாதம் வைப்பார்கள். ஊட்டியில் உறைபனி விழவில்லையா என்பது ஒன்று. விழுகிறது, நவம்பரிலிருந்தே விழலாம். ஊட்டிக்காரர்களும் கொடைக்கானல்காரர்களும் அந்தப் பட்டியலில் பாதியைத் தாராளமாகப் பின்பற்றலாம். ஆனால் பட்டியலைப் போடுகிறவர்கள் 'இது மலைவாசிகளுக்கு மட்டும்' என்று எங்கே போடுகிறார்கள்? இரண்டாவது, செடிக்கும் ஓய்வு வேண்டாமா என்பது. வேண்டும். எந்தச் செடிக்கு, எப்போது என்பதுதான் கேள்வி. குண்டுமல்லிக்கு ஓய்வு இந்த மாதங்களில்தான். பனி விழும்போது பூ குறைந்து, மார்கழி, தையில் மதுரையில் மல்லிகை விலை கிலோ ஆயிரக்கணக்கில் போவதைச் செய்தியில் பார்க்கலாம். நவம்பர் கடைசியில் அதைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிட்டால் மாசி, பங்குனியில் புதுத் துளிர் விட்டுக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். தொட்டியில் வைத்திருக்கிறவர்களும் அப்படியே கவாத்து செய்யலாம். அடீனியத்துக்கும் ஓய்வு உண்டு. அரேபியா, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வறண்ட நிலத்துச் செடி, அடிப்பகுதி பருத்துத் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். ஐப்பசி மழையில் நின்றால் அந்தப் பருத்த அடி அழுகிக் கூழாகிவிடும். ஆகவே அதைக் கூரைக்குள் கொண்டு வரவேண்டியதுதான். குளிருக்காக அல்ல, மழைக்காக. இந்தச் செடியைச் சொல்லியிருந்தால் பட்டியலுக்கு ஒரு மதிப்பெண்ணாவது போடலாம். சொல்வதில்லையே!

பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றி எல்லாத் தொட்டியையும் வீட்டுக்குள் இழுத்துவந்தால் என்ன ஆகும்? செம்பருத்தி, கனகாம்பரம், ரோஜா எல்லாம் வெயில் குடிக்கிற செடிகள். மேகமூட்டத்தில் ஏற்கெனவே வெளிச்சம் குறைவு, அதில் டி.வி. ஸ்டாண்டு ஓரத்தில் கொண்டுபோய் வைத்தால் மொட்டு பொலபொலவென்று உதிரும், மாவுப்பூச்சி ஏறும். உள்ளே தள்ளுவதைவிடத் தெற்குப் பக்கம் தள்ளுவது உத்தமம். புரட்டாசிக்குப் பிறகு சூரியன் தெற்கே சாய்ந்துவிடுகிறது. தெற்குப் பார்த்த பால்கனிக்கு மார்கழியில் நல்ல வெயில் உண்டு, வடக்குப் பார்த்த பால்கனிக்கு நேர் வெயில் சுத்தமாகக் கிடையாது. வீட்டில் இரண்டு பக்கமும் பால்கனி இருக்கும் பாக்கியசாலிகள் இடம் மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒரே ஒரு வடக்குப் பால்கனி மட்டும் இருந்தால் ரோஜா ஆசையை விட்டுவிட்டு, நிழலிலும் பூக்கிற ஆந்தூரியம் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் யார் பொறுப்பு என்று பார்த்தால், பட்டியல் போட்டவர் மாட்டுவதில்லை, வியாபாரியும் மாட்டுவதில்லை. பெங்களூரு, ஓசூர் பக்கத்துப் பசுமைக்குடில்களில் இதமான குளிரில் வளர்த்த செடி, லாரியில் ஏறிச் சமவெளிக்கு வருகிறது. பூத்துக் குலுங்கும்போது விற்கிறார்கள். இரண்டு வாரத்தில் பூ முடிகிறது, ஒரு மாதத்தில் செடி முடிகிறது. வாங்கினவர் திரும்ப வந்து சண்டை போடுவதில்லை. ஏன்? ஏனென்றால் தப்பு தன்மேல் என்று நினைக்கிறார். இன்னொன்று வாங்குகிறார். சரக்கு கெட்டால் வாடிக்கையாளர் தன்னையே நொந்துகொண்டு மறுபடி காசு கொடுக்கிற வியாபாரம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

அந்தத் தப்புணர்ச்சிக்கு இந்த ஊரில் ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். கைராசி. 'அவ கை வச்சா எதுவும் தழைக்காது', 'வந்த நேரம், பூச்செடி கருகிப்போச்சு' என்று புதுசாகக் கல்யாணமாகி வந்த பெண்ணைச் சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. துளசி பட்டுப்போனால் கேட்கவே வேண்டாம், அது அபசகுனம். மழையில் நனைந்த தொட்டியில் தினமும் தவறாமல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டது யார், அந்தத் தொட்டிக்கு ஓட்டை இருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. ஆண்கள் வளர்த்த செடி செத்தால் அது 'வெரைட்டி சரியில்லை', பெண்கள் வளர்த்தது செத்தால் 'ராசி சரியில்லை'. ஐந்து ரூபாய் ஆணியைக் காய்ச்சித் தொட்டியின் அடியில் நாலு துளை போட்டிருந்தால் பலருடைய ராசி ஒரே நாளில் திருந்தியிருக்கும் :-)

இன்னொரு கூத்து. இந்தப் பருவத்துக்கென்றே பூக்கிற செடி ஒன்று இந்த மண்ணில் இருக்கிறது, அது எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. டிசம்பர் பூ. பெயரிலேயே மாதம். ஊதா, வெள்ளை, ஊதாவில் வெள்ளைக் கோடு போட்டது என்று பல தினுசு. வாசனை கிடையாது, அதனால் மல்லிகையின் மவுசு இதற்கு இல்லை. ஆனால் மல்லிகை விலையேறி நிற்கும் மார்கழியில் ஊர்ப்பக்கத்துப் பெண்கள் தலையில் பார்ப்பது இதைத்தான். இதற்குக் கூழாங்கல் தட்டு வேண்டாம், பெட்டி வேண்டாம், வாட்ஸப் குழுவும் வேண்டாம். நர்சரியில் தேடினால் பல இடங்களில் கிடைக்காது, விற்றால் லாபமில்லை போலும். பழைய வீடுகளின் மதிலோரம் நிற்கும், கேட்டால் ஒடித்துக் கொடுப்பார்கள். மழை ஈரத்தில் குச்சியை நட்டால் வேர் விட்டுவிடும். பூத்து முடிந்ததும் தையில் வெட்டிவிட வேண்டும், வெட்டிய குச்சிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.